கேபிள்ல இருந்து ஹைட்ராலிக்: பழைய 17 அடி போட்ல ஸ்டியரிங் மாத்தி சில வருஷம் ஓட்டின அனுபவம்

போட் ஸ்டியரிங் இறுக்கமா இருக்குன்னா உடனே ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்துல திருப்புற) கிட் ஆர்டர் போட்டுடாதீங்க. மோட்டாருக்கு முன்னாடி, கேபிள் முனையையும் மோட்டாரையும் சேர்க்கிற லிங்க் ஆர்ம்னு ஒரு கம்பி இருக்கும், முதல்ல அத கழட்டி விட்டுட்டு மோட்டார கையால இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்க. லேசா திரும்புச்சுன்னா கோளாறு கேபிள்லயோ, கேபிள் நுழைஞ்சு போற டில்ட் ட்யூப்லயோ இருக்கு. மோட்டாரே நகர மாட்டேங்குதுன்னா மோட்டார் திரும்புற ஸ்விவல் பிராக்கெட்டுக்குள்ள கிரீஸ் காஞ்சு கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம், அத சரி பண்ணாம மேல எவ்வளவு காசு போட்டாலும் ஸ்டியரிங் கனமாத்தான் இருக்கும். இந்த அஞ்சு நிமிஷ வேலைய செய்யாமலே நிறைய பேரு பணத்த எடுத்து நீட்டிடுறாங்க, அதனாலதான் இத முதல்லயே சொல்றேன்.

நம்ம போட் 17 அடி சென்டர் கன்சோல் (ஸ்டியரிங் போட் நடுவுல இருக்கிற வகை), பின்னாடி 90கள்ல வந்த யமஹா 115 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் வி4. மோட்டார் இன்னைக்கும் சாவி போட்டா உடனே கிளம்பும், அதுல ஒரு குறையும் இல்ல. ஹூஸ்டன்ல இருக்கோம், ஓட்டுறது கால்வெஸ்டன் பே, அதிகமா டெக்சஸ் சிட்டி டைக் ரேம்ப்ல இறக்கிட்டு ரெட்ஃபிஷ், ட்ரவுட் புடிக்கப் போறது. பே பாக்க பெருசா இருந்தாலும் சராசரி ஆழம் 10 அடிக்கும் கம்மி, அதனால மதியத்துக்கு மேல தென்கிழக்கு காத்து ஏறுச்சுன்னா அலை குட்டையா, செங்குத்தா, ஒண்ணு மேல ஒண்ணா வரும். இதுல நடுவுல ஹூஸ்டன் ஷிப் சேனல் வேற போகுது, பெரிய டேங்கர் ஒண்ணு தாண்டிப் போனா அதோட அலை கொஞ்ச நேரம் கழிச்சு வந்து சேரும். இந்த மாதிரி தண்ணியில கைக்கு அடங்காத ஸ்டியரிங் வச்சு ஓட்டுறது நல்லதில்ல.

எங்க போட்ல சோதிச்சப்போ மோட்டார் நல்லா திரும்புச்சு, மாட்டிக்கிட்டது டில்ட் ட்யூப்ல. கேபிளோட முனையில ஒரு ஸ்டீல் கம்பி இருக்கும், அது ட்யூப்புக்குள்ள போய் வந்துட்டே இருக்கணும். உப்புத்தண்ணி உள்ள போயி, பழைய கிரீஸோட சேர்ந்து, அலுமினியம் உப்பு பூத்து, எல்லாம் சேர்ந்து கம்பிய பிடிச்சு வச்சிருந்துச்சு. முன்னாடி வச்சிருந்தவர் கிரீஸே அடிச்சதில்லன்னு கழட்டினப்போ பாத்தாலே தெரிஞ்சுது. ஊடுருவுற எண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வச்சு, மரக்கட்டைய வச்சு தட்டித் தட்டித்தான் வெளிய எடுக்க முடிஞ்சுது. ட்யூப்ப கெடுக்காம எடுக்கிறதுதான் முக்கியம், ஏன்னா ஹைட்ராலிக் போட்டாலும் அதோட சப்போர்ட் ராடு அதே ட்யூப் வழியாத்தான் போகணும்.

இப்போ கேபிளையே புதுசா போடலாமா ஹைட்ராலிக் போடலாமாங்கிற கேள்வி. கேபிள் ரொம்ப மலிவு, ஹைட்ராலிக் அதுக்கு நாலஞ்சு மடங்கு வரும். கேபிள் போடுறவங்க அளவுல கவனமா இருங்க: ஸ்டியரிங் நடுவுல இருந்து போட் பக்கவாட்டு வரைக்கும், அங்கருந்து பின்பலகை வரைக்கும், அங்கருந்து மோட்டார் நடு வரைக்கும் அளந்து கூட்டி, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 4 இன்ச் கழிச்சு, டில்ட் ட்யூப் வழியா போறதுன்னா 6 இன்ச் சேர்த்து, வர்றத அடுத்த முழு அடிக்கு ஏத்திக்கணும். நீளம் கம்மியா வாங்கினா வளைவு இறுகிடும், இறுகின வளைவு சீக்கிரமே திரும்பவும் கனமாக்கிடும்.

நாங்க ஹைட்ராலிக் பக்கம் போனதுக்குக் காரணம் கனம் மட்டும் இல்ல, ப்ரொப்பெல்லர் டார்க். சாதாரண கேபிள் ஸ்டியரிங்ல மோட்டார் கொடுக்கிற தள்ளு அப்படியே கைக்கு வரும். வலது சுத்து ப்ரொப் வச்சு ட்ரிம்ம (மோட்டாரோட சாய்வ) மேல தூக்கி வேகமா போனா போட் வலப்பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும், முழு நேரமும் எதிர்ப்பக்கம் பிடிச்சு நிக்கணும், கை விட்டா மோட்டார் சட்டுனு ஒரு பக்கம் வெட்டிடும், ஆள் வெளிய விழுந்துட்டா போட் வட்டம் போட்டு திரும்ப அவர் மேலயே வரும். அமெரிக்காவுல 2021 ஏப்ரல் 1ல இருந்து 26 அடிக்குக் கீழ இருக்கிற போட்ல ஆள் விழுந்தா மோட்டார நிறுத்துற கில் ஸ்விட்ச் கயிற மாட்டிக்கிட்டுத்தான் ஓட்டணும்னு சட்டம் வந்தது இந்த ஆபத்துக்காகத்தான், ஹைட்ராலிக் இருந்தாலும் தயவுசெஞ்சு அத மாட்டிக்கோங்க.

இழுவைய குறைக்க முதல்ல மோட்டார் அடியில இருக்கிற சின்ன துடுப்பு மாதிரியான ட்ரிம் டேப்ப பாக்கணும். வலது பக்கம் இழுத்தா அதோட பின்முனைய வலது பக்கமே கொஞ்சம் திருப்பி வைக்கணும், தலைகீழா சொல்ற மாதிரி தோணும் ஆனா அதுதான் சரி. அதுலயே பாதி குறைஞ்சுது. மீதிக்கு நோ ஃபீட்பேக் வகை கேபிள் ஹெல்ம் (சக்கரம் மாட்டுற பொட்டி) இருக்கு, மோட்டார் தள்ளுறத சக்கரம் வரைக்கும் வர விடாது, 115 குதிரைசக்தி வரைக்கும் அது நியாயமான தேர்வுதான். ஆனா அதுலயும் டில்ட் ட்யூப்புக்குள்ள கம்பி உரசுற வேலை அப்படியே இருக்கு, உப்புத்தண்ணிக்கு எனக்கு அது வேண்டாம்னு பட்டுச்சு.

வாங்கினது பேஸ்டார்ங்கிற ஹைட்ராலிக் கிட், 150 குதிரைசக்தி வரைக்கும் உள்ள ஒத்த மோட்டாருக்கு. அதுக்கு மேலன்னா சீஸ்டார் கிட் பக்கம் போகணும். ரெண்டும் ஒரே வீட்டுப் பொருள்தான், முன்ன டெலிஃப்ளெக்ஸ்னு இருந்தது பிறகு சீஸ்டார் ஆச்சு, 2017ல டோமெடிக் வாங்கிட்டாங்க, அதனால பழைய பேர்ல பார்ட் கிடைச்சாலும் குழம்ப வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி மோட்டார முழுசா மேல தூக்கி, முன்னாடி, அத திருப்புற ஹைட்ராலிக் சிலிண்டர் உக்கார இடம் இருக்கான்னு பாருங்க. பழைய போட்கள்ல ஸ்ப்ளாஷ்வெல் (மோட்டாருக்கு முன்னாடி இருக்கிற பள்ளம்) குறுகலா இருக்கும், தூக்கும்போது சிலிண்டர் ஃபைபர்ல இடிக்கும், அப்படி இருந்தா பக்கவாட்டு சிலிண்டர்தான் வழி.

மாட்டுறது கஷ்டமான வேலை இல்ல, பொறுமை வேணும். பழைய சக்கரத்த எடுக்க புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) தேவைப்பட்டுச்சு, ஆனா ஷாஃப்ட் அதே முக்கால் இன்ச் டேப்பர்ங்கிறதால (கூம்பு வடிவம்) பழைய சக்கரமே புது ஹெல்ம்ல உக்காந்துடுச்சு. எங்க கிட்ல எண்ணெய் போறது நைலான் ட்யூப், தேவையான நீளத்துக்கு வெட்டிக்கலாம், ஆனா வெட்டு நேரா இருக்கணும், ட்யூப் கட்டர் வச்சே வெட்டுங்க. லாக் நட்டு எல்லாம் புதுசுதான் போடணும், கழட்டினத திரும்ப மாட்டக்கூடாது. எண்ணெய் லைன்ல இருக்கிற காத்த எடுக்கிறதுக்கு (ப்ளீட் பண்றதுன்னு பேரு) ரெண்டு பேரு வேணும், ஒருத்தர் சக்கரத்த சுத்த ஒருத்தர் சிலிண்டர்கிட்ட ப்ளீடர் வால்வ திறந்து மூட. ஃபில்லர் பாட்டில் காலியாயி உள்ள காத்து போயிடுச்சுன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதனால எண்ணெய் கூடுதலாவே வாங்கி வச்சுக்கோங்க. ஸ்டியரிங்குக்குன்னு வர்ற எண்ணெய்தான் ஊத்தணும், நடுக்கடல்ல அவசரம்னா டிரான்ஸ்மிஷன் ஆயில் ஊத்தி கரை சேரலாம், பிரேக் ஆயில மட்டும் எந்த நிலைமையிலயும் ஊத்திடாதீங்க, சீல் எல்லாம் போயிடும்.

சில வருஷம் உப்புத்தண்ணியில ஓட்டினதுக்கு அப்புறம் சொல்றேன், போட்டுக்கு நாங்க செஞ்ச செலவுலயே இதுதான் அதிகம் பயன்பட்டது. முன்ன ஓட்டினது பழைய அம்பாசடர நிறுத்தி வச்சு திருப்புற மாதிரி இருக்கும், இப்போ விரல்ல திரும்புது. அத விட பெருசு, விட்ட இடத்துல அப்படியே நிக்குது. கேபிள் இருந்த காலத்துல என் மனைவி தோள்பட்டை வலியால ஸ்டியரிங்க தொட்டதே இல்ல. இப்போ சேனல தாண்டுறது வரைக்கும் அவங்களே ஓட்டுறாங்க, டேங்கர் அலை வந்தா குறுக்க எப்படி ஏறணும்னு என்னை விட நல்லா தெரியும். எனக்கு ஏதாவது ஆனா போட்ட திருப்பிக் கொண்டுவர இன்னொரு ஆள் இருக்காங்கங்கிறது எவ்வளவு பெரிய நிம்மதின்னு கடல்ல போறவங்களுக்குத் தெரியும்.

பிடிக்காத விஷயமும் இருக்கு. சக்கரத்த ஒரு கோடில இருந்து மறு கோடிக்கு திருப்ப முன்ன மூணு சுத்து சொச்சம், இப்போ அஞ்சு சுத்துக்குப் பக்கம். குறுக்குக் காத்துல டாக்குக்கு வரும்போது அவசரமா சுத்த வேண்டியிருக்கு, சக்கரத்துல ஒரு குமிழ் பிடி மாட்டினதும் அது பரவாயில்லாம போச்சு. ரெண்டாவது, ஹைட்ராலிக்ல சக்கரத்துக்கு நடுன்னு நிலையான ஒரு இடம் கிடையாது. மேல டேப் ஒட்டி அடையாளம் வச்சாலும் கொஞ்ச நாள்ல அது வேற பக்கம் நகர்ந்திருக்கும். அதனால கியர் போடுறதுக்கு முன்னாடி திரும்பி மோட்டார் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்துட்டுத்தான் போடணும், வீட்ல எல்லாருக்கும் இத பழக்கியிருக்கோம்.

பராமரிப்பு ரொம்ப இல்ல. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில சிலிண்டர் ராட கழுவுறோம், ஏன்னா உப்பு, மணல் காஞ்சு ராடுல ஒட்டினா சீல கீறும். ஹெல்ம்ல எண்ணெய் மட்டத்த பாக்கணும், சீசன் தொடக்கத்துல நட்டு போல்ட்ட டைட் பாக்கணும், சப்போர்ட் ராடுக்கும் ஸ்விவலுக்கும் மெரைன் கிரீஸ் அடிக்கணும். சக்கரம் பஞ்சு மாதிரி அமுங்கினா உள்ள காத்து இருக்கு, திரும்ப ப்ளீட் பண்ணணும், எங்களுக்கு இதுவரை தேவைப்படல. நண்பர் ஒருத்தர் வேற ஒரு கம்பெனி கிட் போட்டிருந்தாரு, அவருக்கு ஹெல்ம் ஷாஃப்ட்கிட்ட எண்ணெய் கசிஞ்சுது, ஆனா டாஷ்ல ஈரம் தெரிஞ்சதால முன்கூட்டியே புரிஞ்சுக்கிட்டு சீல் மாத்திட்டாரு.

இன்னொண்ணு, மோட்டார் பிராக்கெட்ல புஷ் தேஞ்சு ஆட்டம் இருந்தா ஹைட்ராலிக் அத மறைக்காது. மோட்டார பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா முதல்ல அதுக்கு செலவு பண்ணுங்க. நன்னீர் ஏரியில 40, 50 குதிரைசக்தி மோட்டார் வச்சு மெதுவா ஓட்டுறவங்களுக்கு இந்தச் செலவே தேவையில்ல, சரியான நீளத்துல ஒரு புது கேபிள் போட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ட்யூப்புல கிரீஸ் அடிச்சுக்கிட்டா ரொம்ப வருஷம் ஓடும். 90க்கு மேல, அதுவும் உப்புத்தண்ணின்னா, ஹைட்ராலிக்குக்கே போயிடுங்க.