முதுநகர் டு லாஸ்பேட்டை: எந்த மெசேஜ் கியூ காப்பாற்றும்?

கடலூர் முதுநகரில் மீன் குளிர்கிடங்கு, புதுச்சேரி லாஸ்பேட்டையில் அலுவலகம் என்று ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். கிடங்கின் வெப்பநிலையும் லோடு பில்களும் இன்டர்நெட் வழியாக லாஸ்பேட்டை சர்வருக்குப் போக வேண்டும். பெறுபவர் எடுக்கும்வரை செய்தியை வரிசையில் காத்து வைப்பதுதான் மெசேஜ் கியூ. அதற்கு எம்எஸ்எம்கியூ, ரேபிட்எம்கியூ, எம்கியூடிடி, இந்த மூன்றில் எது சரி? வேகத்தைப் பார்த்துப் பயனில்லை. லைன் போனால் செய்தி எங்கே காத்திருக்கும், அது நிற்கும் இடம் நம் கண்ணில் படுமா என்று பார்த்தால் போதும்.

எம்எஸ்எம்கியூ விண்டோஸிலேயே இருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் மெசேஜ் கியூ; பழைய பில்லிங் மென்பொருள்களில் இதைப் பார்க்கலாம். அனுப்பும் கணினியிலேயே வெளிச்செல்லும் வரிசை இருப்பது இதன் பலம். இது பயன்படுத்தும் 1801 போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) இன்டர்நெட்டுக்குத் திறந்துவைப்பது ஆபத்து என்பதால், இணையப் பக்கங்கள் வரும் எச்டிடிபி வழியாக அனுப்புவார்கள். தலைவலி அங்கேதான் ஆரம்பம். டிரான்சாக்‌ஷன் செய்திக்கு (தவறாமல் ஒரே ஒருமுறை போய்ச்சேர வேண்டியது) சர்வர் தரும் 200, அதாவது 'சரி' என்ற பதில் போதாது. செய்தி கிடைத்தது என்ற ஒப்புகை தனி எச்டிடிபி கோரிக்கையாக அனுப்பியவரைத் தேடித் திரும்பி வர வேண்டும். கடலூர் கணினி சிம் ரூட்டருக்குப் பின்னால் இருந்தால் அதை வெளியிலிருந்து எட்ட முடியாது, ஒப்புகை வந்து சேராது. பில் லாஸ்பேட்டைக்குப் போயிருக்கும். கடலூரிலோ அது வரிசையிலேயே நின்று, மறுபடி மறுபடி கிளம்பும். எம்எஸ்எம்கியூவின் மேப்பிங் கோப்பில் (முகவரிகளை மாற்றிச் சொல்லும் அமைப்புக் கோப்பு) ஒப்புகை முகவரியைத் திருத்தி, அந்த முகவரிக்கு வெளியிலிருந்து வழியும் விட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

நடுவில் நின்று செய்திகளை வாங்கி வைத்துத் தரும் புரோக்கர் மென்பொருள் ரேபிட்எம்கியூ; இதில் இந்தத் தொல்லை இல்லை. கடலூரிலிருந்து 5671 போர்ட்டில் டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட) இணைப்பு வெளியே போகும், ஒப்புகையும் அதே இணைப்பில் வரும். கோளாறைத் தேட இதைவிட வசதியானது இந்த மூன்றில் இல்லை. நிர்வாகத் திரையில் 'ரெடி' எண்ணிக்கை ஏறினால் எடுக்க ஆளில்லை அல்லது எடுப்பவர் மெதுவாக எடுக்கிறார். 'அன்ஆக்டு' ஏறினால், எடுத்த புரோகிராம் வேலையை முடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொறி உண்டு. ரூட்டிங் கீ என்பது செய்தி எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிச்சொல். எந்த வரிசைக்கும் பொருந்தாத ரூட்டிங் கீயோடு அனுப்பினாலும் 'கன்ஃபர்ம்' (புரோக்கரின் ஒப்புகை) வந்துவிடும், செய்தியோ காணாமல் போயிருக்கும். 'மேண்டேட்டரி' கொடியையும் சேர்த்து அனுப்பினால்தான் அது திரும்பி வரும். அப்புறம், லைன் போன நேரத்தில் அனுப்பும் பக்கத்தில் இருக்கும் கிளையன்ட் லைப்ரரி எதையும் டிஸ்க்கில் எழுதி வைக்காது. அதற்குக் கடலூரிலேயே ஒரு ரேபிட்எம்கியூ வைத்து, 'ஷவல்' பிளகின் மூலம் லாஸ்பேட்டைக்குத் தள்ள வேண்டும். அந்தப் பக்கம் பெற்றுக்கொண்டதை உறுதி செய்த பிறகே இந்தப் பக்கம் அழியும்.

எம்கியூடிடி என்பது செய்தி அனுப்பும் நெறிமுறை; 1999ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவானது. மோசமான லைனுக்கென்றே பிறந்தது என்பதால் சென்சாருக்கு இதுதான் பொருத்தம். கிடங்கில் ஒரு சின்னப் பெட்டியில் மாஸ்கிட்டோ என்ற எம்கியூடிடி புரோக்கர், அங்கிருந்து லாஸ்பேட்டை புரோக்கருக்குச் செய்திகளைக் கடத்த ஒரு பிரிட்ஜ், அவ்வளவுதான். ஆனால் மாஸ்கிட்டோவின் இயல்பு அமைப்புகளை நம்பக் கூடாது. டிஸ்க்கில் சேமிப்பது அணைந்தே இருக்கும். இணைப்பில்லாத கிளையன்டுக்கு 1000 செய்திகளுக்கு மேல் வரிசையில் வைக்காது. பத்து சென்சார்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 2011ல் தானே புயலையும் 2024ல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கரை இது; கரண்டும் லைனும் நாள்கணக்கில் போகும் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும். இரண்டு கருவிகளுக்கு ஒரே கிளையன்ட் ஐடி (புரோக்கரிடம் சொல்லும் பெயர்) கொடுத்தால் ஒன்று மற்றதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 'அடிக்கடி கட் ஆகிறது' என்ற புகார் வந்தால் லைனைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

என் தேர்வு: வெப்பநிலைக்கு மாஸ்கிட்டோ பிரிட்ஜும் கியூஓஎஸ் 1-ம் (குறைந்தது ஒருமுறையாவது சேர்ப்பது), பில்லுக்கு ரேபிட்எம்கியூவும் ஷவலும். இரண்டிலும் ஒரே செய்தி இருமுறை வரக்கூடும். அதனால் லாஸ்பேட்டை டேட்டாபேஸில் பில் எண்ணை யூனிக் கீயாக (ஒரே எண் இரண்டு முறை பதிவாகாதபடி) வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.