ஹட்டனில் வாங்கிய வாட் மீட்டரும் மூன்று மடங்கான எங்கள் லைட் பில்லும்

ஜூலை பில் 569 ரூபாய், ஆகஸ்ட் பில் 1764 ரூபாய். இரண்டுமே 2025ஆம் வருடத்து பில், வரியைச் சேர்க்காமல் சொல்கிறேன். வீட்டில் அதே நான்கு பேர்தான், அதே பிரிட்ஜ், அதே டிவி. கொட்டகலையில் ஜூலை மாதக் குளிரில் யாரும் ஃபேன் போடுவதும் இல்லை. அப்புறம் எப்படி மூன்று மடங்கு? இதைக் கண்டுபிடிக்கத்தான் ப்ளக்கில் மாட்டும் சின்ன வாட் மீட்டர் ஒன்றை ஹட்டன் டவுனில் ஒரு எலக்ட்ரிக் கடையில் 2800 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து வாரம் பாவித்தாகிவிட்டது. வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன், ஆனால் பில்லைப் பற்றிப் பேசாமல் இந்தச் சாமானைப் பற்றி மட்டும் சொன்னால் பிரயோசனம் இல்லை, அதனால் இரண்டும் கலந்துதான் வரும்.

பில் வந்த அன்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், கரண்ட் விலை கூடிவிட்டது, அதனால்தான் என்று. உண்மைதான், 2025 ஜூன் 12இலிருந்து 15 வீதம் கூட்டினார்கள். ஆனால் ஜூலை பில்லும் அந்தப் புது விலையில்தான் வந்தது. அப்பா பிரிட்ஜைச் சந்தேகப்பட்டார். பழைய பிரிட்ஜ், இரவில் சத்தம் போடும், அதுதான் கரண்ட்டைக் குடிக்கிறது என்று முடிவு கட்டி, இரவு படுக்கும்போது சுவிட்சை அணைக்க ஆரம்பித்தார். இரண்டாவது நாளே பால் கெட்டுப் போனது. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்துத்தான் நான் கடைக்கே போனேன்.

சாமானைப் பற்றி. உள்ளங்கை அளவு. சுவரில் உள்ள ப்ளக்கில் இதை மாட்டி, இதன் முகத்தில் பிரிட்ஜ் ப்ளக்கை மாட்ட வேண்டும். அந்த நிமிடத்தில் எத்தனை வாட் போகிறது, மாட்டிய நேரத்திலிருந்து எத்தனை யூனிட் ஓடியது, வோல்டேஜ் எவ்வளவு என்று மாறி மாறிக் காட்டும். பெட்டியில் கம்பெனிப் பெயர் என்று எதுவும் இல்லை, விளக்கத் தாள் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். இதன் கால்கள் சதுரக் கால்கள், 13 அம்பியர். எங்கள் வீட்டில் பாதி ப்ளக் இன்னும் பழைய உருண்டைக் கால் ப்ளக்தான், அதற்கு அடாப்டர் தனியாக வாங்க வேண்டி வந்தது. பழைய வீட்டில் இருப்பவர்கள் கடைக்குப் போகும்போதே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரிட்ஜ். 24 மணி நேரம் மாட்டி வைத்ததில் 0.62 யூனிட். மாதத்துக்கு 19 யூனிட்கூட வராது. எங்கள் குளிருக்கு பிரிட்ஜ் அதிகம் உழைக்க வேண்டியதும் இல்லையே. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார், அன்றைக்கே சுவிட்சை அணைப்பதை விட்டுவிட்டார். கேத்தலில் ஒரு லீட்டர் தண்ணீர் கொதிக்க 0.11 யூனிட். நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது தேத்தண்ணி போடுகிறோம், அதில் அரை யூனிட்டுக்கு மேல் போகிறது. அதாவது அந்தச் சின்னக் கேத்தலும் நாள் முழுக்க ஓடும் பிரிட்ஜும் கிட்டத்தட்ட ஒரே செலவு, இது எனக்கே புதுச் செய்தி. டிவி, ரைஸ் குக்கர் இரண்டுக்கும் கால் யூனிட் கால் யூனிட். போன் சார்ஜரை எண்ணவே தேவையில்லை. பல்புகளுக்குக் கணக்குப் போட்டுச் சேர்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஜூலை பில் 30 நாளைக்கு 58 யூனிட், கணக்கு அப்படியே பொருந்தியது. ஆகஸ்ட் பில் 31 நாளைக்கு 93. மிச்சம் 35 யூனிட் எங்கே போனது?

ஷவரில். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுடுதண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போக முடியவில்லை என்றுதான் ஜூலைக் கடைசியில் ஹொட் வோட்டர் ஷவர் பூட்டினோம். அம்மாவுக்காகப் பூட்டினோம், பிறகு நானும் தங்கச்சியும்கூட அதிலேயே குளிக்க ஆரம்பித்தோம். ஆனால் அதை இந்த வாட் மீட்டரால் அளக்க முடியாது. ஷவருக்கு ப்ளக் கிடையாது, மெயின் போர்டிலிருந்து நேரே வயர் வருகிறது. வயரை வெட்டி ப்ளக் பூட்டிப் பார்க்கலாமா என்று யாரும் யோசிக்கவே வேண்டாம், எங்களுடையது 3500 வாட், அது 15 அம்பியருக்கு மேல் இழுக்கும், இந்தச் சாமான் 13க்குத்தான், உருகித் தீப்பிடிக்கலாம். எங்களைப் போல ஷவரால் பில் ஏறிய வீட்டுக்கு, ஏறிய காரணத்தையே இது அளக்காது என்பதுதான் இதன் மிகப் பெரிய குறை, கடையில் அதை யாரும் சொல்லவில்லை.

ஷவரை அளக்க வாசலில் உள்ள மீட்டரே போதும். புது டிஜிட்டல் மீட்டராக இருந்தால் ஒரு சிவப்பு லைட் மின்னிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு எண் இருக்கும். எங்களுடையதில் 1600. 1600 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தங்கச்சி ஷவரைத் திறக்க, நான் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். அரை நிமிடத்தில் 46. ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் மூன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. மூன்று பேர் ஆளுக்கு ஆறரை நிமிடம் குளித்தால் ஒரு நாளைக்கு 1.12 யூனிட் வரும். 31 நாளைக்கு வைத்துப் பாருங்கள், அந்த 35 யூனிட் அங்கேதான் இருக்கிறது.

சரி, யூனிட் புரிந்தது. ஆனால் 58 யூனிட் 93 ஆனதற்குப் பணம் ஏன் மூன்று மடங்காக வேண்டும்? இந்த இடத்தில்தான் நம்மில் நிறையப் பேர் குழம்பிப் போகிறோம், நானும் பல வருடம் பில்லின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுப் பாவனைக்கு இரண்டு விலைப் பட்டியல் இருக்கிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 யூனிட் 4 ரூபாய் 50 சதம், அடுத்த 30 யூனிட் 8 ரூபாய், நிலையான கட்டணம் 210 ரூபாய் (30க்குள்ளேயே நின்றால் 80). அறுபதைத் தாண்டிவிட்டால் அந்த மலிவான பட்டியலே நமக்கு இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே 12 ரூபாய் 75 சதம், 61இலிருந்து 90 வரை 18 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 400. தொண்ணூறைத் தாண்டினால் அதற்கு மேல் ஓடும் யூனிட் 24 ரூபாய், நிலையான கட்டணம் 1000. 120க்கு மேல் 41, 180க்கு மேல் 61 என்று ஏறிக்கொண்டே போகும். இவை 2025 ஜூன் மாதத்து விலைகள், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றுவதுண்டு, உங்கள் கையில் உள்ள பில்லின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 60 யூனிட்டுக்கும் 61 யூனிட்டுக்கும் கணக்குப் போடுங்கள். 60க்கு 585 ரூபாய். 61க்கு 1183 ரூபாய் 50 சதம். ஒரே ஒரு யூனிட், பில் இரட்டிப்பு. நான் இதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நம்ப முடியவில்லை.

இன்னொன்று, இந்த 60, 90 எல்லாம் 30 நாளைக்கு உரிய கணக்கு. மீட்டர் பார்க்க வருபவர் சரியாக முப்பதாம் நாள் வருவார் என்றில்லை, பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், அந்த நாளுக்கு ஏற்றபடி எல்லைகளும் நீளும் சுருங்கும். எங்கள் ஆகஸ்ட் பில் 31 நாள் என்பதால் 60க்குப் பதில் 62, 90க்குப் பதில் 93. அப்படிப் பார்த்தால் 93 யூனிட்டோடு நாங்கள் அந்த 1000 ரூபாய்க் கட்டணத்தின் வாசல்படியில் நின்றிருக்கிறோம். ஒரு நாள் கூடுதலாக ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தால்கூடத் தாண்டியிருக்கலாம். அதனால் பில் வந்ததும் யூனிட்டை நாளால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்குள் வந்தால் மலிவுப் பட்டியல், இரண்டைத் தாண்டினால் மற்றது. இடையில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று ஒரு வரி வரும், அது சின்னத் தொகை, பில் ஏறியதற்கு அது காரணம் இல்லை.

தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைப் பார்த்துக்கொண்டேதான் பஸ்ஸில் போகிறோம், லக்சபான, கென்யன் நீர்மின் நிலையங்களும் நம்ம பக்கத்தில்தான், நம்ம தண்ணியில் எடுக்கிற கரண்ட்டுக்கு நமக்கு ஒரு சலுகையும் இல்லையா என்று அப்பா கேட்டார். விலை நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் கொழும்பில் குளிர்ந்த தண்ணியில் குளிக்கலாம், இங்கே ஜூலையில் அம்மாவைக் குளிர்ந்த தண்ணியில் குளிக்கச் சொல்ல முடியுமா? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

செப்டெம்பரில் ஷவர் அம்மாவுக்கு மட்டும் என்று வைத்தோம். நானும் தங்கச்சியும் அப்பாவைப் போல விறகடுப்பில் தண்ணி காய வைத்துக்கொண்டோம். கேத்தலில் கொதிக்கும் தண்ணியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்து, ஐந்து தடவை கொதிக்க வைத்ததை இரண்டாகக் குறைத்தோம். 31 நாளில் 61 யூனிட், பில் 589 ரூபாய் 50 சதம்.

வாட் மீட்டரில் இன்னும் சில குறைகள் உண்டு. திரையில் வெளிச்சம் இல்லை, பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் அதுவரை ஓடிய கணக்கு அழிந்துவிடுகிறது, எங்களுக்கு மழை நாளில் இரண்டு தடவை அப்படி ஆனது, அதனால் காலையும் மாலையும் எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. என்றாலும் எந்தச் சாமானைச் சந்தேகப்பட வேண்டாம் என்று காட்டிவிட்டது, அதற்கே காசு தகும். ஆனால் வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. ஒரு வாரம் அளந்தால் வேலை முடிந்தது, நான்கைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

எங்களுடையது இப்போது பொகவந்தலாவைப் பக்கம் மாமா வீட்டில் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) ஒரு காம்பரா, முன்பக்க இஸ்தோப்பை (திண்ணையை) அடைத்து மகன் குடும்பத்துக்கு ஓர் அறை, இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். 30 நாளைக்கு 100 யூனிட், 2560 ரூபாய். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கட்டுகிறார்கள், யார் கூடப் பாவிக்கிறார்கள் என்று மாமிக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபம். அளந்து பார்த்தால் இரண்டு பேரும் ஏறக்குறைய ஐம்பது ஐம்பதுதான். தனித்தனி மீட்டராக இருந்தால் ஐம்பது யூனிட்டுக்கு 505 ரூபாய், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 1010. தாளில் எழுதிக் காட்டியதும் மாமி பேசாமல் இருந்தார், பிறகு மருமகளைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். இரண்டாவது மீட்டருக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுவர மாமா திங்கட்கிழமை போகிறார்.