பிஸ்கட் அடுக்கு: முன்பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம், பின்பக்கத்துக்கு நான்கு

சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் பேரங்காடியிலும் தேக்கா பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கிற சாதாரண பாக்கெட் பிஸ்கட்டுகளைப் பற்றித்தான் இது. ருசி அவரவர் நாக்கு, அதில் நான் தலையிடவில்லை.

பானங்களுக்கு இங்கே நியூட்ரி-கிரேட் என்ற ஏ முதல் டி வரையிலான தரக்குறியீடு இருக்கிறது. 2022 டிசம்பர் 30 முதல் சி, டி தரம் என்றால் பாட்டிலின் முன்பக்கத்திலேயே போட்டாக வேண்டும். பிஸ்கட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அதனால் முன்பக்கம் முழுக்கக் கோதுமைக் கதிர், பால் குவளை, பச்சை இலை. திருப்பிப் பின்பக்கச் சத்துப் பட்டியலைப் பாருங்கள். அங்கேயும் ‘ஒரு தடவைக்கு’ என்ற பத்தியை விட்டுவிடுங்கள், ஒரு பாக்கெட்டில் அது இரண்டு பிஸ்கட், பக்கத்துப் பாக்கெட்டில் ஐந்து. 100 கிராம் பத்திதான் எல்லோருக்கும் பொது.

அதை வைத்துப் பார்த்தால் முதலில் அடிவாங்குவது டைஜஸ்டிவ் பிஸ்கட். பெயரும் பழுப்பு நிறமும் மருந்துக்கடைச் சாமான் மாதிரி இருப்பதால் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைத்தான் வாங்குகிறோம், ஆனால் 100 கிராமில் கொழுப்பு மட்டும் சுமார் 20 கிராம், சக்தி 480 கலோரியை ஒட்டி வருகிறது, பெரிய வட்டமாக இருப்பதால் ஒரு பிஸ்கட்டே ஏறக்குறைய 70 கலோரி. நார்ச்சத்து மாரி பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அது உண்மை. அதற்காகத் தேநீரோடு நான்கு சாப்பிட்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

சர்க்கரைதான் கவலை என்றால் மாரியும் அப்பாவி இல்லை. 100 கிராமில் 20 கிராமைத் தொடும். ஆனால் மெலிசு, கொழுப்பும் குறைவு, நான்கு சாப்பிட்டால் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவு. (1874-ல் ஒரு ரஷ்ய இளவரசியின் கல்யாணத்துக்காக லண்டனில் செய்த பிஸ்கட்டாம், இன்று நம் வீட்டு டப்பாவில்!) கிரீம் கிராக்கரில் சர்க்கரை குறைவுதான், அங்கே சோடியம் வரியைப் பாருங்கள். உப்பு மட்டுமல்ல, பிஸ்கட் உப்பிவரப் போடும் சோடா மாவும் அந்தக் கணக்கில் சேரும்.

‘சுகர் ஃப்ரீ’ பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். இனிப்புக்குப் பெரும்பாலும் மால்டிடோல் போடுகிறார்கள், அதிலும் கலோரி உண்டு, அதிகமானால் வயிறு பேசும். மைதாவும் எண்ணெயும் அப்படியே இருக்கின்றன, மைதா உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகத்தானே மாறும்? நீரிழிவு உள்ளவர்கள் ‘மொத்த கார்போஹைட்ரேட்’ வரியைத்தான் பார்க்கவேண்டும். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தியர் சாய்ஸ் சின்னம் உதவும், சரி, ஆனால் அது அதே வகையான மற்ற பொருள்களோடு ஒப்பிட்டுக் கொடுப்பது. பிஸ்கட்டுக்குள் நல்ல பிஸ்கட், அவ்வளவே.

‘டிரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மயங்கவேண்டாம். அது வருவதற்கு முக்கியக் காரணமான, பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயை 2021 ஜூனிலேயே சிங்கப்பூர் தடைசெய்துவிட்டது. பார்க்கவேண்டியது நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் பாதி அதுதான்.

நான் வாங்குவது மாரியும் கிராக்கரும். கூடவே தே ஓ கொசொங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். கிரீம் பிஸ்கட்டின் நடுவில் இருப்பது சர்க்கரையும் தாவரக் கொழுப்பும்தான், அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.