பிஎஸ்பி 3000-க்கு பண்டோரா பேட்டரிக்கென்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

சோனியின் பழைய கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி-க்கு கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியுடையதை மற்றவர்கள் மாற்றி எழுதிய சிஸ்டம் சாஃப்ட்வேர்) போட கடை தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் ஊரில் ஒரு கேம் சர்வீஸ் கடையில் என் 3000 மாடலைக் கொடுத்தேன். "பெர்மனென்ட்டா போட்டுத் தர்றோம் சார், ஆனா பண்டோரா பேட்டரி வேணும், அதுக்குத் தனி சார்ஜ்" என்று சொல்லி மொத்தம் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

பண்டோரா பேட்டரி உண்மையிலேயே உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் சீரியல் எண்ணை மாற்றி, பிஎஸ்பி-யைச் சர்வீஸ் மோடில் (பழுதுபார்க்கிறவர்களுக்கான நிலையில்) எழுப்புகிற வித்தை அது, 2007-இல் வெளிவந்தது. ஆனால் 1000 மாடலிலும் 2000-இன் ஆரம்பகால போர்டுகளிலும்தான் அது செல்லும். 2008-இல் 3000 வந்தபோது சோனி அந்த வழியை அடைத்தே அனுப்பியது. இந்த வேலையே செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, தெரிந்தேதான் பில்லில் சேர்த்திருக்கிறார்கள்.

வாங்கி வந்தபோது சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 6.60 ப்ரோ என்று கஸ்டம் ஃபர்ம்வேரின் பெயரைக் காட்டியது, எல்லாம் ஓடியது. சார்ஜ் சுத்தமாக இறங்கி அணைந்த பிறகு போட்டால் வெறும் 6.60, அதாவது சோனியுடையது மட்டும்தான், ஏற்றிக்கொடுத்த கேம் ஒன்றும் திறக்கவில்லை. முழுசாக அணைத்தாலே போய்விடுகிற தற்காலிக வகையைத்தான் போட்டிருக்கிறார்கள். பவர் ஸ்விட்சை ஒரு தடவை தள்ளினால் பிஎஸ்பி தூங்கத்தான் செய்யும், சில நொடி பிடித்திருந்தால்தான் அணையும், அதனால் தூங்கவைத்தே கையில் கொடுத்துவிட்டால் கடையில் வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு ஃபாஸ்ட் ரெகவரி என்ற ஐகானை ஒருமுறை இயக்கினாலே போதும், உடனே திரும்ப வந்துவிடும். அதைச் சொல்லாமல், "சாஃப்ட்வேர் கரப்ட் ஆயிடுச்சு, மறுபடி போட 600 ஆகும்" என்றார்கள். பில்லைக் காட்டிப் பணத்தைக் கேட்டதற்கு, சாஃப்ட்வேர் வேலைக்கு ரிட்டர்ன் கிடையாதாம்.

பணம்கூடப் பரவாயில்லை. மெமரி ஸ்டிக்கைக் கேட்காமலே ஃபார்மட் செய்துவிட்டார்கள். நானும் தம்பியும் பள்ளிக்கூட நாளிலிருந்து விளையாடிச் சேர்த்த சேவ் எல்லாம் அதில்தான் இருந்தது. ஃபர்ம்வேர் போடுவதற்கு ஃபார்மட் தேவையே இல்லை, பிஎஸ்பி ஃபோல்டருக்குள் கேம் என்ற ஃபோல்டரில் ஃபைலை வைத்து இயக்கினால் முடிந்தது. இதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

3000-க்கு நிரந்தரமாகவே போட வழி இருக்கிறது. இன்ஃபினிட்டி என்று டேவீ என்ற ப்ரோகிராமர் எழுதியது, இலவசம், 6.61-க்கு அப்டேட் செய்துவிட்டு கஸ்டம் ஃபர்ம்வேரோடு அதையும் போட்டால் அணைத்தாலும் போகாது. கடைசியில் வீட்டில் சார்ஜரைச் சொருகி வைத்து நானே போட்டுக்கொண்டேன், இன்றுவரை நிற்கிறது.

அப்படியும் கடையில்தான் கொடுப்பேன் என்றால், முதலில் சேவ்டேட்டா ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து, கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேறு கார்டோடு கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அவர்கள் கண் முன்னாலேயே ஸ்விட்சைப் பிடித்து முழுசாக அணைத்து, மறுபடி போட்டு, சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.