டிஎன்4: வன்னியில் நீண்டநாள் பாவித்த அனுபவம்

நோ எந்த வகை என்று பிரித்தறிய உதவும் வினாக்கொத்துகளில் மூன்றை எங்கள் இயன்மருத்துவப் பிரிவில் பாவித்துப் பார்த்தேன். மேசையில் நிலைத்தது டிஎன்4. 2005இல் பிரான்ஸில் பூகாசிரா குழுவினர் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், ஒவ்வொரு 'ஓம்' என்பதற்கும் ஒரு புள்ளி. நான்கோ அதற்கு மேலோ வந்தால் நரம்பு நோவாக, அதாவது நரம்பே பழுதாகி வரும் நோவாக, இருக்க வாய்ப்பு அதிகம்.

வன்னிக்கு இது மிகவும் தேவை. ஷெல் துண்டுகளை உடம்பில் சுமப்பவர்கள், போரில் காலை இழந்தவர்கள், சலரோகக்காரர், வயல் வேலையில் நாரி பிடித்தவர்கள் எல்லோரும் 'நோகுது' என்றுதான் வருகிறார்கள். வருடக்கணக்காகப் பனடோல் விழுங்கியிருப்பார்கள். நரம்பு நோவுக்கு அது பெரும்பாலும் எடுபடாது. அமிற்றிப்ரிலின், பிறிகபலின் போன்ற வேறு வகை மருந்துகள் வேண்டும். சரியான ஆளைச் சரியான மருத்துவரிடம் அனுப்ப இந்த ஒரு தாள் உதவுகிறது.

முதல் ஏழும் வாயால் கேட்பவை: எரிவு, குளிர்ந்து நோவது, கரண்ட் அடிப்பது, சுறுசுறுவென்ற உணர்வு, ஊசி குத்துவது, விறைப்பு, கடி (அரிப்பு). இவற்றை வரிசையாக வாசித்தால் நம் சனம் மரியாதைக்காகவே 'ஓம், ஓம்' என்று தலையாட்டும். அதனால் முதலில் "அந்த நோ என்ன செய்யுது, அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசவிடுவேன். அவர் தானாகச் சொன்னதைக் குறித்த பிறகுதான் மிச்சக் கேள்விகள்.

கடைசி மூன்றும் கையால் பார்ப்பவை: மெல்லத் தொட்டால் உணர்வு குறைவா, ஊசிமுனை பட்டால் உணர்வு குறைவா, தூரிகையால் தடவினால் நோகுதா. நேரமில்லை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். வெறுங்காலோடு வயலில் நிற்கும் ஐயா ஒருவர் விறைப்பே இல்லை என்பார். ஊசிமுனை பட்டாலும் அவருக்குத் தெரியாது. சலரோகக் காலில் அதைக் கண்டுபிடிப்பது காலையே காப்பாற்றும்.

நான் பாவித்த மற்ற இரண்டில், ஜெர்மனியில் 2006இல் வந்த பெயின்டிடெக்ட் நோயாளியே நிரப்புவது. தொடத் தேவையில்லை என்பது வசதிதான். ஆனால் ஒவ்வொரு உணர்வுக்கும் ஆறு படிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வயதானவர்கள் களைத்துவிடுகிறார்கள். புள்ளி 13க்கும் 18க்கும் இடையில் விழுந்தால் முடிவும் இல்லை. மூன்றாவதான லான்ஸ் நல்லதுதான், புள்ளிக் கணக்குத்தான் கொஞ்சம் சுற்றல்.

டிஎன்4இன் குறைகளையும் சொல்ல வேண்டும். இல்லாத பாதம் எரிகிறது என்பவருக்கு அந்தப் பாதத்தில் எங்கே தூரிகை பிடிப்பது? அங்கே ஏழு கேள்விகளோடு நிறுத்தி, மூன்று புள்ளியை எல்லையாக வைக்கிறேன். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். அப்புறம், உடம்பு முழுக்க நோவு, நித்திரையில்லை, ஓயாத களைப்பு என்று வரும் பெண்கள். உடம்பில் காயத்தாலோ நரம்புப் பழுதாலோ வருவதென்று காட்ட முடியாத, 2017இல் சர்வதேச நோ ஆய்வுச் சங்கம் தனி வகையாக ஏற்றுக்கொண்ட மூன்றாம் வகை நோவாக அது இருக்கலாம். அதைப் பிடிக்க டிஎன்4 செய்யப்படவில்லை. குறைந்த புள்ளியைக் காட்டி 'ஒன்றுமில்லை' என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

நாரி நோக்காரருக்கு இரண்டு தாள் எடுங்கள். நாரிக்கு ஒன்று, கீழிறங்கும் கால் நோவுக்கு ஒன்று. ஒரே ஆளிடம் நாரியில் தசைநோவும் காலில் நரம்பு நோவும் சேர்ந்திருப்பதை ஒற்றைத் தாள் கலந்து மறைத்துவிடும்.