மேலே கனமா, கடைசிவரை கனமா: புள்ளி வரம்புக்குள் ஒரு ஸ்பீட்வே அணி

சீசன் முடிந்து குளிர் இறங்கியதும் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் நாங்கள் நான்கு பேர் ஒரு சமையலறை மேசையைச் சுற்றி உட்காருவோம். பிரிட்டிஷ் ஸ்பீட்வே அணிகளுக்கு அடுத்த வருடத்துக்கான புள்ளி வரம்பு அறிவிக்கப்பட்டிருக்கும். கையில் பழைய சராசரிப் பட்டியல், ஒரு கால்குலேட்டர், தேநீர். ஆளுக்கொரு அணியைக் காகிதத்தில் கட்டிவிட்டு, அந்த ரைடர்கள் சீசன் முழுக்க நிஜத்தில் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே வருவோம். முதல் மூன்று வருடமும் நான் நட்சத்திரங்களை வைத்துக் கட்டினேன். அதன்பிறகு ஏழு பேரும் ஓரளவு சமமாக இருக்கும் அணிக்கு மாறிவிட்டேன். ஏன் மாறினேன் என்பதுதான் இந்த அலசல்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீட்வே ஒரு மோட்டார் பைக் பந்தயம். பிரேக் இல்லாத, ஒரே கியர் உள்ள, மெத்தனாலில் ஓடும் 500 சிசி பைக்குகள். ஒரு ஹீட்டில், அதாவது ஒரு ஓட்டத்தில், நான்கு பேர், அணிக்கு இருவர். நான்கு சுற்று. முதல் மூவருக்கு 3, 2, 1. கடைசிக்கு ஒன்றும் இல்லை. இப்படி 15 ஹீட். மொத்தம் 90 புள்ளி, 46 எடுத்தால் வெற்றி.

பிரிட்டிஷ் லீகின் தனித்தன்மை அணி கட்டும் விதியில் இருக்கிறது. ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு சராசரி உண்டு. எடுத்த புள்ளியையும் போனஸ் புள்ளியையும் கூட்டி, நான்கால் பெருக்கி, ஓடிய ஹீட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 5 ஹீட்டில் 8 புள்ளி, 2 போனஸ் என்றால் 8.00. தன் அணிக்காரருக்கு அடுத்தபடியாக, எதிரணியில் ஒருவரையாவது முந்தி வந்தால் போனஸ் கிடைக்கும். அதிகபட்ச சராசரி 12. சீசன் தொடங்கும்போது அணியின் சராசரிகளைக் கூட்டினால் அறிவித்த வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார கிளப் ஒன்று நல்லவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1965ல் பிரிட்டிஷ் லீக் உருவான காலத்தில் ரைடர்களைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு குழுவே இருந்தது. இன்று அந்த வேலையை எண்கள் செய்கின்றன.

வரம்பு வருடத்துக்கு வருடம் மாறும். கணக்குக்காக 40 என்று வைத்துக்கொள்வோம். நான் முன்பு கட்டிய மாதிரி அணி: 9.5, 8.5, 7, 5, 4, 3, 3. இப்போது கட்டும் மாதிரி: 7, 6.5, 6, 6, 5.5, 5, 4. இரண்டும் சரியாக 40தான்.

முதல் வகைக்கு இருக்கும் பலத்தை மறுக்க முடியாது. 14 ஹீட் முடிந்து 42-42 என்று நிற்கும்போது, கடைசி ஹீட்டுக்கு யாரை அனுப்புவது என்பது மேனேஜரின் விருப்பம். அந்த நேரத்தில் ஒன்பதரைக்காரர் கையில் இருப்பது பெரிய நிம்மதி. கூட்டமும் அவரைப் பார்க்கத்தான் வரும். 2023ல் இப்ஸ்விச் விட்சஸ் அணியில் 2017 உலக சாம்பியன் ஜேசன் டாயிலும் எமில் சைஃபுத்தினோவும் ஒன்றாக ஓடினார்கள். அந்த வருடம் எங்கள் ஃபாக்ஸ்ஹால் மைதானத்து வளைவில் நின்று பார்த்தவர்களுக்கு அது விருந்து. அணி இறுதிப் போட்டிவரை போய் ஷெஃபீல்டிடம் தோற்றது. நட்சத்திர அணி தேறாது என்று நான் சொல்ல வரவில்லை. இறுதிக்குப் போவது சின்ன விஷயமா?

ஆனால் ஹீட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நட்சத்திரம் ஜெயிக்கிறார், கூட ஓடிய மூன்று சராசரிக்காரர் கடைசியில் வருகிறார். முடிவு 3-3. ஜெயித்தும் அணிக்கு ஒரு புள்ளி முன்னிலைகூடக் கிடையாது. அப்படி நான்கு தடவை அவர் முதலில் வந்தாலும் ஸ்கோர் 12-12 என்று நிற்கும். முன்னிலை வேண்டுமென்றால் கூட்டாளி மூன்றாவதாகவாவது வர வேண்டும், அப்போது 4-2. இரண்டாவதாக வந்தால் 5-1. ஆக, வித்தியாசத்தை உண்டாக்குவது இரண்டாவது ஆள். நாலு பேர் நடுவில் பத்தோடு பதினொன்றாகத் தெரியும் அவரை நான் முதல் மூன்று வருடம் கவனிக்கவே இல்லை.

இது மட்டுமே என்றால்கூட மாறியிருக்க மாட்டேன். என்னை மாற வைத்தது வேறு ஒன்று. சராசரிதான் இந்தச் சந்தையில் விலை. 9.5 கொடுத்து வாங்கும் ரைடருக்கு நாம் முழு விலை கொடுத்துவிட்டோம். உச்சமே 12 என்னும்போது அவர் இன்னும் எங்கே ஏறுவார்? நன்றாக ஓடினால் அதே 9.5. மணிக்கட்டில் அடிபட்டாலோ, போலந்திலும் ஸ்வீடனிலும் ஓடிக் களைத்து வந்தாலோ 8. நட்சத்திரங்களின் வாரத்தை நினைத்துப் பாருங்கள்: வார இறுதியில் போலந்து, செவ்வாய் ஸ்வீடன், நடுவில் திங்களோ வியாழனோ இங்கே, சில சனிக்கிழமைகளில் உலக சாம்பியன்ஷிப் சுற்று. அவர்களிடமிருந்து குறைவாகக் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஐந்து சராசரிக்காரர் விஷயம் வேறு. அந்த ஐந்து எப்படி வந்தது என்று தோண்டினால் சில சமயம் புதையல் கிடைக்கும். போன வருடம் பாதி சீசன் காலில் கட்டோடு ஓடியவராக இருக்கலாம். சொந்த மைதானம் அவருக்குப் பொருந்தாததாக இருந்திருக்கலாம். இருபது வயதில் மாதத்துக்கு மாதம் வேகம் கூடிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். அவர் ஏழுக்கு ஏறினால் இரண்டு புள்ளி நமக்கு இலவசம். அப்படி மூன்று பேர் அமைந்தால் 40 வரம்புக்குள் 46 அணி ஓடுகிறது, விதியை மீறாமலே.

இதிலும் ஒரு பொறி உண்டு, நான் விழுந்திருக்கிறேன். நட்சத்திரத்துக்குப் பின்னாலேயே வந்து போனஸாகச் சேர்த்தவரின் சராசரி பார்க்க அழகாக இருக்கும். அவரை நட்சத்திரம் இல்லாத அணிக்குக் கொண்டுவந்தால் அந்த போனஸ் காணாமல் போகும். 6.5 என்று எடுத்தவர் 5.5 கொடுத்த வருடம் எனக்கு ஒன்று உண்டு. இப்போது போனஸைக் கழித்துவிட்டுத்தான் பட்டியலையே படிக்கிறேன்.

இதற்கு 2021 பீட்டர்பரோ பேந்தர்ஸைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஸ்காட் நிக்கல்ஸ், பியர்ன் பெடர்சன், ஹான்ஸ் ஆண்டர்சன் எல்லாம் நாற்பதைத் தாண்டியவர்கள், கிறிஸ் ஹாரிஸ் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கிழவர்கள் அணி என்று சீசனுக்கு முன்பே பலர் ஒதுக்கிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால், நிக்கல்ஸ் ஏழு முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஹாரிஸ் 2007ல் கார்டிஃபில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை ஜெயித்தவர். ஆண்டர்சனும் பெடர்சனும் 2006ல் டென்மார்க்குக்கு ஸ்பீட்வே உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தவர்கள். வயது அவர்களுடைய எண்ணை இறக்கியிருந்தது, கைத்திறன் அப்படியே இருந்தது. இறுதியில் டான் பியூலி, பிரேடி கர்ட்ஸ் போன்ற வேகமான இளைஞர்கள் இருந்த பெல் வியூவைத் தோற்கடித்துப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பீட்டர்பரோ மைதானத்தில் 2023க்குப் பிறகு ரேஸ் இல்லை என்பதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

காகித ஆட்டத்தில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அது ரிசர்வ். 6, 7 எண் போட்ட இரண்டு ரிசர்வ்களும் இரண்டாவது ஹீட்டில் எதிரணி ரிசர்வ்களோடு மோதுவார்கள். அதோடு நில்லாமல், தடுமாறும் அணிக்காரருக்குப் பதிலாகவும் அவர்களை இறக்கலாம். ஒரு ரிசர்வ் ஏழு ஹீட்வரை ஓட முடியும். சராசரிகள் சீசனுக்குள்ளேயே திருத்தப்படும்போது, நடுவரிசை ரைடர் ஒருவர் கொஞ்சம் சறுக்கினால் ரிசர்வுக்கு இறங்குவார். நட்சத்திர அணியில் அந்த இடத்தில் இருப்பது மூன்று சராசரிக்காரர், அவரை ஏழு தடவை இறக்கி என்ன பயன்? சம அணியில் அங்கே இருப்பவர் ஐந்தரைக்காரர். எதிரணியின் பலவீனமான ஆட்களோடு மோதி அவர் பத்துப் பன்னிரண்டு புள்ளி எடுத்துவிட்டுப் போவார். ஃபாக்ஸ்ஹாலில் எங்கள் அணி தோற்ற பல இரவுகளில் புரோகிராமில் நான் பேனாவால் வட்டம் போட்டது எதிரணியின் 6 அல்லது 7ஐத்தான்.

காயம் என்று வந்தால் நட்சத்திர அணிக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அதிக சராசரியுள்ள முதல் எண்காரர் அடிபட்டால் வேறு கிளப்பிலிருந்து அதே அளவு சராசரியுள்ள விருந்தாளி ரைடரை அழைத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி, இல்லாதவரின் ஹீட்களை மற்றவர்கள் பங்கிட்டு ஓடுவது. அது சம அணிக்குத்தான் நன்றாக அமையும், பங்கிட வருபவர்கள் எல்லாரும் தேறியவர்கள் என்பதால். இதில் என் எண்ணம் இரண்டு மூன்று சீசன் பார்த்ததை வைத்துத்தான். அதேபோல நான் பார்ப்பது பெரும்பாலும் முதல் நிலை லீகான பிரீமியர்ஷிப். ஒரு நல்ல ரைடரே நான்கு ஹீட்டையும் அனாயாசமாக ஜெயிக்கும் இரண்டாம் நிலை சாம்பியன்ஷிப் லீகில் கணக்கு வேறு மாதிரி போகலாம்.

சம அணியை எடுத்தவர் கொடுக்க வேண்டிய விலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. அணி ஏறினால் அடுத்த குளிர்காலத்தில் கூட்டுத்தொகை 46ல் நிற்கும். வரம்பு 40தான் என்றால் பிரித்தே ஆக வேண்டும். நன்றாக ஓடியதற்காகவே இரண்டு பேருக்கு வழியனுப்பு. நட்சத்திர அணியை அப்படியே அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோவது இதைவிட எளிது. ஒரு கிளப்பை நேசிக்கும் ரசிகருக்கு இது வலிக்கும். ஐந்திலிருந்து ஏழுக்கு ஏறியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பையன் ஏப்ரலில் வேறு நிறச் சட்டையில் வந்து நம் வளைவில் நம் ஆளையே வெளிப்பக்கமாக முந்துவான்.

எங்கள் மேசையில் ஒருவர் இன்னும் ஒன்பதரைக்காரரோடுதான் தொடங்குகிறார். போன குளிர்காலத்தில் அவர் முதல் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது நான் பட்டியலின் அடியில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த பதினோரு பேரை ஒவ்வொருவராக எடைபோட்டுக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிவிட்டது. அந்தப் பதினொன்றில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, முதல் எண்காரரை எடுக்க ஐந்து நிமிடம்.