டச்பேட் போச்சு என்று கொண்டுபோனால் பேட்டரியை மாற்றித் தந்த ரிச்சி தெருக் கடை

டச்பேட் போய்விட்டது, அது கீபோர்டோடு சேர்ந்த ஒரே பாகம், மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆகும் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த லேப்டாப்பை, சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில் அதில் பாதிக்கும் குறைவான காசில் சரிசெய்து வாங்கி வந்தோம். டச்பேடை மாற்றவே இல்லை. கடைக்குப் பெரிய போர்டெல்லாம் கிடையாது, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, பின்னால் சுவர் முழுக்கப் பழைய மதர்போர்டுகள். ‘பாய் கடை’ என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அந்தத் தெருவில் பாய் கடை எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். அதனால் இந்தக் கடையைத் தேடி அலைவதைவிட அவர் வேலை செய்த விதத்தைப் படித்துவிட்டு, நீங்கள் போகும் கடையில் அதையே கேளுங்கள்.

லேப்டாப் என் மனைவியுடையது. ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார், காலையில் சார்ஜரில் செருகினால் ராத்திரி வரை அப்படியேதான் இருக்கும். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. முதலில் டச்பேடின் வலது மூலையில் கிளிக் விழவில்லை. அப்புறம் இடது பக்கமும் அழுத்தவே முடியாமல் இறுகிப்போனது, ஆனால் விரலால் மெல்லத் தட்டினால் மட்டும் வேலை செய்தது. அடுத்து கர்சர் தன்னிஷ்டத்துக்குத் துள்ள ஆரம்பித்து, கடைசியில் அசையவே இல்லை. இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியது சில உண்டு, பலருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். கீபோர்டின் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட ஒரு பட்டன் பல லேப்டாப்களில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், குழந்தை கை பட்டோ துடைக்கும்போதோ அது அமுங்கியிருந்தால் டச்பேட் அணைந்துவிடும். சில பழைய மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையில் இரண்டு தட்டு தட்டினாலே அணைந்துவிடும், மறுபடி தட்டினால் வரும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ் போய் அதில் டச்பேட் என்பதைத் திறந்து பாருங்கள். அங்கே மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டுமா என்று ஒரு டிக் இருக்கும். அந்த டிக் இல்லாமல், வயர்லெஸ் மவுஸின் நகத்தளவு ரிசீவர் யுஎஸ்பியில் செருகியபடியே இருந்தால், மவுஸ் பையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் டச்பேட் வேலை செய்யாமல் போகலாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதே கதைதான், ரிசீவரைப் பிடுங்கினோம், சரியாகிவிட்டது.

இதெல்லாம் ஒத்துவரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் ஐ2சி எச்ஐடி டிவைஸ் என்று ஒன்று (பல லேப்டாப்களில் டச்பேட் இந்தப் பெயரில்தான் இருக்கும்) இருக்கிறதா, அதன் மேல் மஞ்சள் முக்கோணம் நிற்கிறதா என்று பாருங்கள். முக்கோணம் இருந்தால் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸே மறுபடி போட்டுக்கொள்ளும். அப்படியும் வரவில்லையா, ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள், உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர் சிப் சில சமயம் இதில் விழித்துக்கொள்ளும். எங்களுக்கு எதுவும் எடுபடவில்லை.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் போட்டு உட்கார வைத்தார்கள், ஏசி நன்றாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்து பார்க்காமலேயே எஸ்டிமேட் வந்துவிட்டது. மெல்லிசான பல லேப்டாப்களில் டச்பேட், கீபோர்டு, கை வைக்கும் பலகை மூன்றையும் ஒரே பாகமாகத்தான் விற்கிறார்கள் என்பது உண்மைதான், அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க என்ன நோவு?

ரிச்சி தெருவில் ஏறிய முதல் கடையில் ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கிளிக் பட்டனே உள்ளே போகாத லேப்டாப்புக்கு ஃபார்மட்! பேசாமல் இறங்கி வந்து அடுத்ததாகப் போனதுதான் இந்தக் கடை.

பாய் லேப்டாப்பை மூடி மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார், எதிர் மூலை லேசாக எழும்பியது. அப்புறம் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். “சார், எப்பவும் சார்ஜர்லயே இருக்குமா?” என்றார். ஆமாம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பென் டிரைவிலிருந்து விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற வேறு இயங்குதளத்தை ஓடவிட்டார், அதிலும் கர்சர் அசையவில்லை. விண்டோஸ் கோளாறு இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. முக்கியமாக, பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. எத்தனையோ கடைகளில் லேப்டாப்பைக் கையில் வாங்கும்போதே பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி மேலேயே ஒட்டிவிடுகிறார்கள்.

எங்கள் கண் முன்னாலேயே பின்பக்க மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தின் வரிசைப்படியே ஒரு காந்தத் தகட்டில் அடுக்கினார், ஏனென்றால் முன்பக்க ஸ்க்ரூ குட்டை, பின்பக்கம் நீளம், மாற்றிப் போட்டால் மேல்பக்கம் புடைத்துக்கொள்ளும். பேட்டரி சரியாக டச்பேடுக்கு அடியில், பூரி மாதிரி உப்பி நின்றது. மனைவி ஒரு அடி பின்னால் போய்விட்டார். பேட்டரியின் கனெக்டரைப் பிடுங்கி, அடியில் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி மெதுவாக நெம்பி வெளியே எடுத்து வைத்துவிட்டு, பேட்டரி இல்லாமலேயே சார்ஜரில் ஆன் செய்தார். டச்பேட் கீழே இறங்கித் தன் மட்டத்துக்கு வந்திருந்தது. “இப்ப அமுக்கிப் பாருங்கக்கா” என்று மனைவியிடம் நீட்டினார். டக் டக் என்று இரண்டு பக்கமும் கிளிக் விழுந்தது, கர்சரும் ஒழுங்காக ஓடியது. டச்பேடின் ரிப்பன் கேபிளை மட்டும் ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகினார், அவ்வளவுதான்.

விஷயம் இவ்வளவே. லித்தியம் பேட்டரியை எந்நேரமும் நூறு சதவீதத்தில், அதுவும் சூட்டிலேயே வைத்திருந்தால் உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேர்கிறது, உறை உப்புகிறது. பேட்டரியைக் கை வைக்கும் பலகைக்கு அடியில் வைத்திருக்கும் மாடல்களில் அது முதலில் முட்டுவது டச்பேடைத்தான். கிளிக் இறுகுவது, டச்பேட் ஓரத்தில் இடைவெளி தெரிவது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் முதலில் ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். கையால் அழுத்தி உள்ளே தள்ளுவதோ, யூடியூப் பார்த்து ஊசியால் குத்துவதோ வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

இனி குறைகள். ஒரிஜினல் பேட்டரி கிடைக்கவில்லை, வேறு கம்பெனி செய்த, இதற்குப் பொருந்தும் கம்பாட்டிபிள்தான் போட்டார், மூவாயிரத்துச் சொச்சம், ஆறு மாத வாரண்டி, அதையும் நான் கேட்ட பிறகுதான் பில்லில் எழுதினார். ஒரிஜினல் வேண்டுமென்றால் வரவழைக்க ஒரு வாரம், விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றார், மறைக்கவில்லை. டியூஷன் நிற்குமே என்று நாங்கள்தான் கம்பாட்டிபிளுக்குச் சரி என்றோம். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, போன் செய்தால் எடுப்பதில்லை. எனக்குப் பிடிக்காத ஒன்று: கழற்றிய பழைய பேட்டரியை மேசைக்கு அடியில் ஒரு பெயிண்ட் வாளியில் போட்டார், அதில் ஏற்கெனவே நாலைந்து உப்பிய பேட்டரிகள் கிடந்தன. அந்த வாளிக்கு நேர் மேலே சால்டரிங் அயர்ன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள்தான் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறப் பொறுப்பு என்கின்றன, ஆனால் இந்த வாளி வரைக்கும் யார் வரப்போகிறார்கள்? வேலைக்கு ஐந்தில் ஐந்து கொடுக்கலாம், இந்த வாளிக்காகவே நாலு.

இன்னொன்றும் சொன்னார், பேட்டரிக்குச் சம்பந்தமில்லாதது. சார்ஜர் போட்டால் மட்டும் கர்சர் துள்ளுகிறது, கழற்றினால் சரியாகிறது என்றால் டச்பேடில் கை வைக்காமல் முதலில் பிளக்கைப் பாருங்கள் என்றார். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவது நம் பக்கம் சர்வசாதாரணம். எர்த் கிடைக்காவிட்டால் சார்ஜரிலிருந்து வரும் இரைச்சல் லேப்டாப்பின் உடம்பில் ஏறிக்கொள்ளும். விரல் படும்போது ஏற்படும் நுண்ணிய மின் மாற்றத்தை வைத்துத்தான் டச்பேட் விரலைக் கண்டுபிடிக்கிறது, இந்த இரைச்சலில் அது குழம்பிப் போகும். நல்ல எர்த் உள்ள பிளக்கில் மாட்டினாலே போதும். இதைச் சொல்லாமல் ஒரு டச்பேடை விற்றிருக்கலாம்.

கிளம்பும்போது லேப்டாப் கம்பெனியின் ஆப்பைத் திறந்து சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் ஆப்ஷனை ஆன் செய்து கொடுத்தார். இப்போது லேப்டாப் மேசையில் ஆடாமல் உட்காருகிறது, கிளிக்கும் பழையபடி விழுகிறது. போகிறவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், மற்ற நாட்களில் காலையில் கடை திறந்தவுடன் போனால் கூட்டம் சேருவதற்குள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு வேலையை முடித்து வாங்கி வந்துவிடலாம்.